அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

வாடிப்பட்டிப் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த நாற்பது வயதுப் பெண், சித்திரை வெயிலில் பனிமலை பூட்ஸ் போட்டிருந்தார். கால் பழக வேண்டுமாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து கயிற்றை இறுக்கினார். மடியில் ஒரு சின்னக் கருவி.

"மலையில மாட்டிக்கிட்டா இத அமுக்கணும்ணே. சேட்டிலைட் வழியா மீட்புக்காரவுகளுக்குத் தெரிஞ்சிரும். அவுக வீட்டுக்குப் போன் போடுவாக."

செல்போனில் அந்தக் கருவியைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அதற்கு வீட்டில் ஒருவரின் நம்பர் வேண்டும். நேபாளத்தில் மலையேறப் போவதையே கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அங்கேயே ஸ்பீக்கரில் அழைத்துச் சொன்னார். நானும் காதைக் கொடுத்தேன்.

"எம்புட்டு ஒசரம்?" என்றார் கணவர்.

உயரத்தைச் சொன்னார்.

"என் நம்பரோட பக்கத்து வீட்டு நம்பரையும் குடு. வயக்காட்டுல டவர் எடுக்காது."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். இன்றும் நேபாளம் என்று காதில் விழுந்தால், உச்சியைத் தொட்டிருப்பாரா என்று யோசிக்கிறேன்.