செருப்பு சொல்லிவிடும் இடம்

கோரிப்பாளையத்தில் ஒரு தர்கா வாசல். வியாழக்கிழமை சாயங்காலக் கூட்டம், ஊதுபத்திப் புகை, விடாத பஸ் ஹாரன். செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு நர்சுகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் உள்ளங்கால்களை டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சர்க்கரைக்காரர்களின் கால்புண்ணை ஆரம்பத்திலேயே பிடிக்க, ஓர் ஆஸ்பத்திரியும் தர்காவும் சேர்ந்து செய்த ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் காலைக் காட்டக் கூச்சப்படுகிறவர்களும் இங்கே செருப்பைக் கழற்றித்தானே ஆக வேண்டும், இந்துவானாலும் முஸ்லிமானாலும்! என்ன மூளை! பத்திரிகைக் கட்டுரைக்காகப் பரபரவென்று நோட்டை எடுத்து எழுதுகிறேன்.

செருப்பை வாங்கி வைக்கும் காதர் பாய், ஒவ்வொன்றையும் உள்ளே தடவிப் பார்த்துவிட்டுத்தான் பலகையில் வைக்கிறார்.

"சர்க்கரை ஏறிட்டா காலு மரத்துரும்ணே. முள்ளு குத்துனாலும் தெரியாது. செருப்புல ரத்தம் இருந்தா ஆளை விடமாட்டேன், நர்சம்மாகிட்ட உக்கார வச்சுருவேன். போன மாசம் ஒரு ஆட்டோக்காரர் காலு இப்படித்தான் தப்பிச்சுச்சு!"

"அருமை பாய்! இதுவரைக்கும் எம்புட்டுப் பேரைப் பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டபடியே என் செருப்புகளைக் கழற்றி நீட்டுகிறேன்.

அவர் விரல் வலது செருப்பின் குதிகாலில் நின்றுவிட்டது. அங்கே ஓர் ஆணி முனை துருத்திக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் ஈரம் காயாத ரத்தம்.

"இதோடயாண்ணே நடந்து வாரீங்க? வலிக்கலையா?"

"இல்லையே" என்கிறேன்.

அவர் என் கையிலிருந்த நோட்டை மெல்ல வாங்கிச் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார். நர்சு ஸ்டூலை என் பக்கம் நகர்த்துகிறார்.