தெரு வரிசையில் இருந்த டப்பாக்கள்

பலகைகளைக் கலைத்த அன்று கடையில் நான் இருந்தேன். என் மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி, ஆவடியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். என் மகள் இருந்தாள். பெயிண்ட் கம்பெனி ஆள் ஒருவர் டீ குடிக்கும் நேரம் இருந்தார். மனைவி இல்லை. அவளுக்கு முப்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்தது.

பின்சுவரில் ஐந்து பலகை. அவற்றில் இருந்தது ஊர்க்காரர்கள் அவளை நம்பி விட்டுப் போன பெயிண்ட். அது எந்தக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. தெரியாமல்தான் கை வைத்தோம்.

கடை சென்னீர்குப்பத்தில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் முனையில். இருபது வருசத்துக்கு மேல் இரண்டு பேரும் நடத்தினோம். தூக்குவது, இறக்குவது, வண்டியில் கொண்டு போய்ப் போடுவது என் வேலை. நான் ஐந்தாவது வரை படித்தவன். கலர் கலப்பது, எது எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவள்.

ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை முடிந்தால் பக்கெட்டின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். வீட்டில் வைத்தால் மூடி துருப்பிடிக்கும், பிள்ளைகள் கவிழ்க்கும். அதனால் பெயிண்டர்கள் மிச்சத்தைக் கடைக்கே கொண்டு வருவார்கள். அவள் அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, காலி லிட்டர் டப்பாவில் ஊற்றுவாள். பால் மாதிரி ஆடை கட்டாமல் இருக்க மேலே கொஞ்சம் தண்ணீர் விடுவாள். மூடி மேல் அதே கலரை ஒரு விரல் தடவி, பின்பலகையில் வைப்பாள். பெயர் எழுத மாட்டாள். பின்னால் சுவரில் எங்காவது பெயர்ந்தால் வீட்டுக்காரர்கள் வந்து கேட்பார்கள். எடுத்துக் கொடுப்பாள். அதற்குக் காசு வாங்க மாட்டாள்.

எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கம்பெனி ஆள் பலகையைப் பார்த்தார். "இது எல்லாம் டெட் ஸ்டாக் சார், விக்காது. வெக்கறதா இருந்தா கலர்வாரியா வைங்க. வெள்ளையில ஆரம்பிச்சு, மஞ்சள், பச்சை, நீலம். கண்ணுக்காவது நல்லா இருக்கும்" என்றார்.

மச்சான் ஸ்டூல் மேல் ஏறினான். "இன்னா மாமா இது, அக்கா ஊறுகா போட்டு வெச்சா மாரி கீது. பச்சைக்குப் பக்கத்துல ரோஸு, ரோஸுக்குப் பக்கத்துல சாம்பலு. ஒண்ணும் முறையா இல்லியே."

"தூசி தொடைச்சிட்டுக் குடு மாமா. கீழ போட்டுறப் போற" என்றாள் மகள்.

"போட்டா உங்கப்பன் தலைல தான் போடுவேன். அப்பவாவது முடி கறுப்பாவுதானு பாப்போம்."

மகள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அதனால் வேலையை நிறுத்தத் தோன்றவில்லை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் போனது. பின்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். அவர்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மோட்டார் பைப் ஒழுகி, கூடத்துச் சுவரில் ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது.

"எங்க ஊட்டு கலரு குடுண்ணே."

"எந்தக் கலர்ம்மா?"

"பச்சை தான். மூணாவது பலகைல நாலாவது டப்பா."

நான் புரியாமல் பார்த்தேன்.

"பலகைக்கு ஒரு தெரு இல்லியாண்ணே. மூணாவது பலகை எங்க தெரு. ரோட்ல இருந்து வந்தா நாலாவது ஊடு எங்களுது. அக்கா திரும்பிக்கூடப் பாக்காது, கை நீட்டி எடுக்கும்." பிறகு பலகையைப் பார்த்தார்கள். "ஐயோ, இன்னாண்ணே, மாத்திட்டியா?"

மாற்றிவிட்டோம் என்றேன்.

பச்சை மட்டும் பதினோரு டப்பா இருந்தது. எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் திறந்தேன். அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சுவரில் பெயர்ந்த சில்லு ஒன்று எடுத்து வந்தார்கள். மூன்று டப்பா ஒரே மாதிரி இருந்தது. "இதான்னு நெனைக்கிறேன்" என்று ஒன்றைக் காட்டினார்கள். கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றேன்.

அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. அடுத்த வாரம் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில், சுவரில் பூசுகிற பட்டி மூட்டை இறக்கப் போனபோது அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வந்தவர்களை உட்கார வைக்கிற சுவரில், பாய் அளவுக்கு வேறு பச்சை.

அன்று கடைக்கு வந்து பலகை முன்னால் நின்றேன். எல்லா வீட்டுக்கும் பக்கெட் கொண்டு போய்ப் போட்டவன் நான். தெரு எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு எந்தக் கலர் என்று பார்த்ததில்லை. இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

மச்சானுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "நான் தானே மாமா ஏறி இறக்கினேன்" என்றான்.

"மூணு பேரும்தான்டா."

வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் மகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பையில் ஆறு ஏழு டப்பாவோடு வண்டியில் கிளம்பினேன். வீடு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூடியில் இருந்த தடவலைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சந்தேகம் இருந்தால் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுக் காய விட்டேன். சில வீடுகளில் வேறு கலர் அடித்துவிட்டார்கள். சில வீடுகளில் புது ஆட்கள். ஒரு வீடு இருந்த இடத்தில் தகரம் அடைத்திருந்தது. ஒரு பெரியவர் என்னை உள்ளே விட்டு, தண்ணீர் கொடுத்து, "உங்க ஊட்டம்மா குடுத்த கலர்தான், ஆனா எதுன்னு அதுக்குத்தான் தெரியும்" என்றார்.

இரண்டு மாதம் போனேன். தெரிந்ததைப் பழையபடி தெரு வரிசையில் வைத்தேன். டப்பா தெரியாத வீட்டுக்கு இடம் விட்டு வைத்தேன்.

"இடத்தைச் சும்மா விடாதப்பா, பிரைமர் வைக்கலாம்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

போகிற மத்தியானமெல்லாம் போய்விட்டு வந்தாயிற்று. இனி கேட்க வீடு இல்லை.

கலைத்தது எழுபத்தி நான்கு டப்பா. வீடு தெரிந்து திரும்ப வைத்தது பத்தொன்பது.