பதினோராவது நிமிடத்தில் ஒரு நாற்காலி

நாற்காலி இழுபடும் சத்தம் ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. ஹைதராபாதில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர் சேவைப் பிரிவு ஒருங்கிணைப்பாளரை ஆய்வுக் கட்டுரைக்காகப் பேட்டி கண்டபோது பதிவானது. பதினோராவது நிமிடத்தில் தரையைக் கீறிக்கொண்டு வருகிறது. கட்டுரையில் அதை எழுத வழியில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது. அம்மாவையும் கணவரையும் தவிர யாருக்கும் தெரியாது. எந்தக் கூட்டத்திலும் முந்திக்கொண்டு இடது ஓர நாற்காலியைப் பிடித்துவிடுவேன். அல்வாலில் எங்கள் குடியிருப்பில், கூப்பிட்டால் திரும்பாத திமிர்பிடித்தவள் என்று எனக்குப் பெயர். செவிடு என்பதற்கு அது எவ்வளவோ தேவலை என்று இருந்துவிட்டேன். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்த இரண்டு முறையும், கேள்வி காதில் விழாமல் மாட்டிக்கொள்வேனே என்ற பயத்தில், காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இப்படிப்பட்டவள் எடுத்துக்கொண்ட ஆய்வுக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: உதவி இருந்தும் மாணவர்கள் ஏன் கேட்டு வருவதில்லை?

ஒருங்கிணைப்பாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மெட்டுகுடா ரயில்வே குடும்பம். தமிழ் பேசும்போதே ஹைதராபாத் உருதுவான தக்காணியும் தானாக வந்து விழும். நான் போனபோது சென்னைக்காரப் பேராசிரியர் ஒருவரிடம் தொலைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “படி ஏற முடியாத பொண்ணு அவ. இறங்க முடிஞ்சவர் நீங்க. கைக்கு சார், ஏன் சார் சண்டை? கிளாஸைக் கீழ கொண்டு வந்துடுங்க.” வைத்துவிட்டு, “நாளைக்கு வந்துடுவார் அக்கா, நல்ல மனுஷன்தான்” என்று சிரித்தார். அந்தத் தைரியத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அவர் மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது. மனு கொடுக்க வந்தவர் மாதிரி யாரும் எதிரே உட்காரக் கூடாதாம். பக்கத்தில்தான் உட்கார வேண்டும். எனக்கு வாய்த்த இடத்தில் அவர் என் இடப்பக்கம். நான் கேள்வித்தாளை வாசித்துக்கொண்டே போனேன். நடுவில் அவர் எழுந்து நாற்காலியை மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வெயிலுக்காக என்று நினைத்தேன்.

வீட்டில் பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. “அக்கா, டீ சொல்லட்டுமா?” என்கிறார். நான் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போகிறேன். மறுபடி கேட்கிறார். நான் தாளைப் புரட்டுகிறேன். பிறகு நாற்காலிச் சத்தம். பிறகு, முதல்முறை கேட்பதுபோல, “டீ சொல்லட்டுமா அக்கா?” கண்டுபிடித்துவிட்டார், ஆனால் முகத்திலோ பேச்சிலோ காட்டிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம்தான் என் பெரிய கேள்வி வருகிறது: ஏன் வருவதில்லை? “வந்தா ரிஜிஸ்டர்ல பேர் எழுதணும்ல, அந்தப் பயம்தான். யாரையும் பிடிச்சு இழுக்க நக்கோ அக்கா, வேணாம். வழியில கிடக்கிறதை எடுத்து ஓரமா வெச்சுட்டா, வர்றவங்க வருவாங்க.” அன்று அதை மாணவர்களைப் பற்றிய பதிலாக மட்டும் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் அந்தக் கட்டுரையை வாசிக்க அழைத்தார்கள். காய்ச்சல் என்று சொல்லவில்லை. மேடையில் நான் நிற்க வேண்டிய இடத்துக்கு இடப்பக்கம் அமர்வுத் தலைவர் உட்கார்ந்திருந்தார்; கேள்விகளெல்லாம் அவரிடமிருந்துதான் வரும்.

“சார், எனக்கு இடது காது கேட்காது. இந்தப் பக்கம் வந்து உட்காருகிறீர்களா?” என்றேன்.

அவர் எழுந்து நாற்காலியை இழுத்தார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.