ரெண்டுவாரம் சார் மகளுக்குக் கார் எடுத்தது

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ரெண்டுவாரம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்துவைத்து, பத்தொன்பது வருடமாக அவர் சொல்லிவந்தது ஒரே வசனம்தான்: "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க." கத்தமாட்டார், முறைக்கமாட்டார், தயவு தாட்சண்யமும் பார்க்கமாட்டார். மாமனாரே ஒருமுறை வந்தார். மாமனார் இன்றுவரை பஸ்ஸில்தான் போய்வருகிறார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், நாலு வயது மகளுக்கு பேட்டரி கார் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அலுவலகப் படிவமும் கையுமாகப் போன கடையில் ஆறு கார்களைப் பார்த்து, ஆறையும் கழித்துக்கட்டினார். ஒன்றில் இரண்டு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்தே எரிந்தன. இன்னொன்றில் ஹாரனை அமுக்கினால் ஆடு கத்தியது.

"அவசரத்துல ஆடு கத்தினா எவன் ஒதுங்குவான்?" என்று கடைப்பெண்ணைக் கேட்டார்.

அந்தப் பெண் நிஜமாகவே யோசித்துவிட்டு, "இன்னொரு ஆடு ஒதுங்கும் சார்" என்றாள்.

இரண்டாவது ஞாயிறு வேறு கடை. முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்; திருட்டு வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மூன்றாவது ஞாயிறு பார்த்த காரில் சீட் பெல்ட் வெறும் படமாக ஒட்டியிருந்தது. முதல் வாரம் தரையில் விழுந்து புரண்டு அழுத குழந்தை, இரண்டாவது வாரம் முணுமுணுத்தது. மூன்றாவது வாரம், "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டது.

அந்தத் தொனி அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை தோற்றவர்கள் அப்படித்தான் "சரி சார்" என்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இப்போது மகள் வாயிலிருந்தும் அதையே கேட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலையில், பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "அவ கேக்கறதையே விட்டுட்டா, கவனிச்சீங்களா? நேத்து பொம்மைகிட்ட சொல்லிட்டிருக்கா, அப்பா சொல்றதெல்லாம் சும்மான்னு. இன்னிக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, அப்புறம் அவ உங்ககிட்ட எதையும் கேக்கவே மாட்டா. நீங்களும் உங்க படிவமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருங்க."

மிச்சம் ஒரே கடைதான் இருந்தது. அது அவர்கள் குடியிருப்பின் தரைத்தளத்திலேயே இருந்தது. இத்தனை நாள் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்குக் காரணம், அந்தக் கடைக்காரரை அவர் ஆறு முறை திருப்பி அனுப்பியிருந்ததுதான். மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைந்தவரைக் கண்டதும் கடைக்காரரின் கை தானாகத் தோளுக்குப் போய், இல்லாத சீட் பெல்ட்டை இழுத்தது.

"சார்! தேதி இன்னிக்கா சார்?"

"இல்லைங்க. பாப்பாவுக்குக் கார் பாக்க வந்தேன்."

ஓரமாக ஒரு சிவப்புக் கார் நின்றது. இரண்டு பேர் உட்காரலாம். ரெண்டுவாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தார். ஹாரன் ஹாரன் மாதிரியே அடித்தது. இண்டிகேட்டர் இடது தனி, வலது தனி. பெல்ட் நிஜ பெல்ட். கண்ணாடி உண்டு. படிவத்தில் கட்டத்துக்குக் கட்டம் டிக் விழ விழ, குழந்தையின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. பாக்கி ஒரு கட்டம்: ஓட்டிப் பார்த்தல்.

வண்டியில் ஏறி உட்காராமல் அவர் இதுவரை எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

"சார், அது முப்பது கிலோவுக்கு மேல…" என்று கடைக்காரர் வாயெடுப்பதற்குள், எழுபத்துநாலு கிலோவும் பக்கத்து இருக்கைக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் இரண்டும் தாடையில் முட்டின. படிவம் மூக்குக்கு நேராக வந்துவிட்டது. குழந்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"வண்டியை எடுங்க" என்றார்.

கார் முனகிக்கொண்டே நகர்ந்தது. கரடி பொம்மைகளைத் தாண்டி, பந்துக் கூடையைத் தாண்டி ஊர்ந்தது. கடைக்காரர் முன்னால் ஓடி ஓடி வழியில் கிடந்த சாமான்களை விலக்கினார். "அடுத்த திருப்பத்துல வலது பக்கம் போங்க" என்று ரெண்டுவாரம் சொன்னதும் குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். பதற்றத்தில் கடைக்காரரும் வலது கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத் திரும்பினார். கல்லாவுக்கு முன்னால் ரெண்டுவாரம் "நிறுத்துங்க" என்றார். கச்சிதமாக நின்றது.

"பாஸாப்பா?"

உலகத்தில் எந்த அப்பனுக்கும் இதற்கு விடை தெரியும். ஆனால் அந்த நாக்கு பத்தொன்பது வருடம் பழகிய நாக்கு.

"திரும்பும்போது கண்ணாடி பாக்கல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

குழந்தை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரிப்பா."

காரைச் சோதிக்க வந்துவிட்டு மகளைச் சோதித்துத் தோற்கடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் கடைக்காரர் வெடித்துவிட்டார்.

"சார்! என்னை ஆறு தடவை அனுப்பினீங்க, நான் வாயைத் தொறந்தேனா? அவங்களுக்கு நாலு வயசு சார்! அந்தக் கண்ணாடியை நீங்க மொதல்ல பாருங்க. அது கண்ணாடியே கிடையாது, வெள்ளி ஸ்டிக்கர்! அதுல அவங்க என்னத்தைப் பாக்கறது?"

ரெண்டுவாரம் கழுத்தை வளைத்துப் பார்த்தார். ஸ்டிக்கர்தான். ஓரம்கூட லேசாகக் கிழிந்திருந்தது. கண்ணாடி உண்டு என்று டிக் போட்டவர் அவர்தான். அவமானத்தில் காது மடல் சுட்டது.

"தப்பு என்னோடதுடா செல்லம்" என்றார். அந்த வாக்கியம் அவர் வாயில் புதுச்செருப்பு போலக் கடித்தது. "நீ நல்லாத்தான் ஓட்டினே. மறுபடி ஓட்டு."

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "நீ எறங்கு. இந்த மாமா உக்காரட்டும்."

நியாயம்தான் என்று எழப் பார்த்தார். அவரோடு காரும் எழுந்தது. கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். கார், ரெண்டுவாரம், படிவம் மூன்றும் சேர்ந்து வந்தன.

"அடியில கழட்டினாத்தான் வெளிய வருவீங்க சார். ஆனா கழட்டினா வண்டி போச்சு."

"கழட்டாதீங்க" என்று அலறினார். காசு கட்ட, சட்டைப் பையிலிருந்த பேங்க் கார்டை எட்டி நீட்டினார். பிறகு மகளைப் பார்த்து, "எறங்க முடியலடா" என்றார்.

"அப்படின்னா பேசாம வா."

பேசாமல் போனார். அவள் நடைவழிச் சுவரை உரசினாள், அவர் பேசவில்லை. ஆளே இல்லாத இடத்தில் ஹாரன் அடித்தாள், அவர் பேசவில்லை. லிஃப்டுக்குத் திரும்பும்போது எந்தப் பக்கமும் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பினாள். அவர் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த மனைவி இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "யாரு யாருக்கு வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

"பயந்துட்டியாப்பா?" என்றாள் குழந்தை.

"ஆமாண்டா."

"நாளைக்கும் லிஃப்ட் வரைக்கும் வரியா?"

தன்னிடம் மறுபடியும் ஒன்றைக் கேட்கிறாள் என்பது அவருக்கு உடனே புரிந்தது. "வரேன்" என்றார்.

"சொன்னா வரணும்."

"வரேன்டா."

அவள் நம்பினாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பொம்மையிடம் விஷயத்தைச் சொல்ல உள்ளே ஓடினாள். ரெண்டுவாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையால் துடைத்துக்கொண்டார். இன்னொரு கை இருக்கைக்கு அடியில் எங்கோ மாட்டியிருந்தது.