சுதன் அண்ணையின் லொகின்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது கட்டிய கதை இல்லை, நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு மணிக்கு. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, அவர்கள் ஜெசிதாவோடு ஒரு தரம் பேசிப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து அவள் கொம்பியூட்டருக்கு முன்னால் தனியாக உட்காருவதில்லை.

ஜெசிதாவின் வீடு யாழ்ப்பாணத்துக் குருநகரில். அம்மா சிசிலியா, ஒரே அண்ணன் பிரகாஸ். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பிரகாஸ், ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டான். பெலாரஸ் எல்லைக் காட்டில் அவனை இறக்கிவிட்டு ஏஜென்சிக்காரன் கம்பி நீட்டிவிட்டான். ஒரு சனிக்கிழமை இரவு பிரகாஸிடமிருந்து மெசஞ்சரில் தகவல் வந்தது. 'வழி தெரியேல்லை. சாப்பாடு முடிஞ்சுது. புதன்கிழமை உங்கடை நேரம் ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் ஒரு போன் கிடைக்கும். லொக்கேஷன் அனுப்புறன், ஆரையாவது பிடி ஜெசி.'

அன்றிரவே ஆளைப் பிடித்தாகிவிட்டது. ஜெர்மனியிலிருக்கும் அடைக்கலநாதன் என்ற ஊர்க்காரர், அந்தக் காட்டில் ஆட்களைத் தேடும் தொண்டர்களுக்குத் தெரிந்தவர். "லொக்கேஷன் மட்டும் தாரும் பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிய வெள்ளம் வந்தது. கரண்ட் போனது, போனுக்குச் சிக்னல் தரும் ரவர்கள் போயின. ஜெசிதாவின் போனில் சிக்னல் என்பது ஒரு பொட்டுக்கூட இல்லை. ஊரில் நெட் இருந்த ஒரே இடம், நல்லூர்ப் பக்கம் அவள் படிக்கும் கல்லூரியின் கொம்பியூட்டர் லாப். அங்கே ஜெனரேற்றர் இருந்தது.

நெட் இருந்தது. மெசஞ்சர் இல்லை. மாணவர் லொகினில் போனால் சிவப்பு எழுத்தில் 'இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது' என்று வரும். புதன் காலை ஒன்பது மணியிலிருந்து அவள் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். விபிஎன் போட்டாள், அதையும் தடுத்திருந்தார்கள். யாரோ ஒரு காலத்தில் சொன்ன பின்வாசல் தளங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைசியில் லாப் பொறுப்பாளர் நாகேஸ்வரி மிஸ்ஸிடம் போய் அழுதாள்.

"அதிபரிட்டைக் கடிதம் வாங்கிக்கொண்டு வாரும். எழுத்திலை இல்லாமல் நான் திறக்கேலாது."

"அதிபர் வெள்ளத்துக்கை மிஸ். வரேல்லை."

"அப்ப நான் என்ன செய்ய?"

ஒன்றரைக்கு மிஸ் சாப்பிடப் போனார்.  அங்கே ஒரு உயிர், இங்கே ஒரு கடிதம். அப்போதுதான் சிநேகிதி கஜந்தினி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சுதன் அண்ணையின்ரை லொகின் இருக்கெல்லே. அதிலை எல்லாம் திறக்கும்."

ஜெயசுதன் மூன்று வருடத்துக்கு முந்தைய பிரிவு மாணவன். லாபில் உதவியாளனாக நின்றவன். அவனுடைய லொகினுக்கு எந்தத் தடையும் கிடையாது. அவன் போன பிறகு அந்தப் பாஸ்வேர்ட் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில், கைமாறிக்கொண்டே இருந்தது.

"அவர் எங்கை இப்ப?"

"பிரான்சிலையாம். அவருக்கு உது ஞாபகமே இராது."

பிரான்சா? யார் கண்டது? எவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைக் கொஞ்ச நாள் காணவில்லை என்றால் அவர் வெளிநாடு போய்விட்டார், அவ்வளவுதான். நல்லாயிருக்கிறார் என்று நாமே முடிவும் கட்டிவிடுவோம்.

கஜந்தினி மிஸ் வருகிறாரா என்று பார்க்க வெளி விறாந்தைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. லாபில் ஜெசிதா மட்டும்.

1.54. பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது. கூடவே ஒரு அறிவித்தல் வந்தது. 'இந்தக் கணக்கு இன்னோர் இடத்திலும் திறந்திருக்கிறது. இணைப்பிலுள்ள காலம்: 1107 நாட்கள்.'

எவனோ வெளியேறாமல் விட்டிருக்கிறான் என்று நினைத்தாள். வேறு எதை நினைப்பது? அவளுடைய மெசஞ்சர் திறந்துகொண்டது. அது போதும் அவளுக்கு. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது.

1.58. பிரகாஸின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

டக்… டக்… டக்…

பின் வரிசையில் யாரோ கீபோர்டில் தட்டும் சத்தம். திரும்பினாள். ஒருவரும் இல்லை. அந்த வரிசைக்கே கரண்ட் கொடுக்கவில்லை, திரைகள் எல்லாம் கறுப்பு. சத்தமும் நின்றது. இவளுடைய திரையில் எழுத்து வந்தது.

'இருக்கிறியோ தங்கச்சி'

பிரகாஸ் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதே இல்லை. பிறந்த நாளிலிருந்து ஜெசிதான். பசியும் குளிரும் ஆளைக் குழப்பியிருக்கும்… அப்படித்தான் எண்ணினாள்.

'ஓம் அண்ணை. லொக்கேஷன் அனுப்புங்கோ. கெதியாய்.'

டக்… டக்…

2.01. லொக்கேஷன் வந்தது. உடனே அடைக்கலநாதனுக்குத் தள்ளிவிட்டாள். 2.02. 'கிடைச்சுது. ஆக்கள் வெளிக்கிடுகினம்' என்று அவர் எழுதினார். ஜெசிதா மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். அண்ணன் பிழைத்துவிட்டான். அந்த இரண்டு நிமிடம் அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

'சாப்பிட்டனீங்களோ?'

டக்… டக்… 'பசி இல்லை'

'குளிருதோ?'

'இப்ப இல்லை'

குளிர்ந்தது அவளுக்குத்தான். ஏசி போடவில்லை. ஜெனரேற்றர் அதைத் தாங்காது. ஆனாலும் வாயிலிருந்து புகை வந்தது. யாழ்ப்பாணத்தில். மத்தியானம்.

2.06. சத்தம் கிட்ட வந்திருந்தது. பின் வரிசை இல்லை. அடுத்த வரிசை.

சொட்டு… சொட்டு… தண்ணீரும்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் மெசேஜ் போய்விடும் என்று பயந்தாளாம். அப்படித்தான் சொன்னாள்.

டக்… டக்… டக்…

2.08. 'புத்தூரிலை அம்மாட்டைச் சொல்லு'

புத்தூரா?

அம்மா குருநகரில்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

கதவு திறந்தது. கஜந்தினி.

"எடியே, ஆரோடை இருந்தனி?"

"தனிய…"

"பின்னை ரெண்டு பேர் டைப் பண்ணுற சத்தம் கேட்டுதே."

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்த கீபோர்ட் ஈரம். எழுத்துகளுக்கு இடையில் கறுத்த சேறு. நிலம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. யாரும் நடந்து வந்த தடம் இல்லை. இருவரும் பையைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

சனிக்கிழமை காலை 9.20க்குக் குருநகர் ரவர் வேலை செய்யத் தொடங்கியது. ஜெசிதாவின் போனுக்கு முதலில் வந்தது அடைக்கலநாதனின் அழைப்பு. பக்கத்தில் சிசிலியா செபமாலையோடு நின்றாள்.

"பிள்ளை, நீர் தந்த இடத்திலை ஒருத்தரைக் கண்டவை… உயிர் இல்லை."

சிசிலியா நிலத்தில் விழுந்தாள்.

"பொறும், பொறும். அது உம்மடை அண்ணை இல்லை. உது பழைய உடம்பு. மூண்டு மாரி கண்டதெண்டு சொல்லுகினம். சேத்துக்கை புதைஞ்சு கிடந்திருக்கு. சட்டைக்குள்ளை பொலித்தீனிலை சுத்தி அடையாள அட்டை. பேர் ஜெயசுதன். புத்தூர்."

 ஜெசிதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ரை அண்ணை?"

"அந்தப் பக்கம் வேறை ஒருத்தரும் இல்லையாம், பிள்ளை."

அழைப்பு முடிந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. வழியில் தேங்கிக் கிடந்த எஸ்.எம்.எஸ். தெரியாத வெளிநாட்டு நம்பர். அனுப்பிய நேரம்: புதன்கிழமை, 2.11. அவளுடைய போன் செத்துக் கிடந்த நேரம்.

'ஜெசி, கோல் கட்டாயிட்டுது. பயப்பிடாதை. நீ இப்ப போனிலை சொன்ன மாதிரியே, உந்தப் புத்தூர் அண்ணைக்குப் பின்னாலை நடக்கிறன். ஆள் நல்லவர். கதைக்கிறதுதான் இல்லை.'