மேரி அக்கா பிரித்துப் பூட்டிய எஞ்சின்

மேரி அக்காவை நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்துக் குத்திவிட்டதாகப் பூ வேன் டிரைவர் ஒருவர் வந்து சொன்னபோது, அக்காவின் காரிலிருந்து கழற்றிய பழைய பெல்ட் என் கையில் இருந்தது. மாமா ஸ்பானரைக் கீழே போட்டார். யார் குத்தியது என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஷெட்டில் யாருக்கும் அதைக் கேட்கத் தேவையில்லை. "உசிரு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கார் எங்களிடம் இருந்ததால்தான் அன்று அக்கா நடந்து போனார். பெல்ட் மாற்றவேண்டிய தூரம் வந்துவிட்டது என்று முந்தின நாள்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். இரண்டு வருடமாகக் காருக்குள் இருந்தவரை அவர் புருஷனால் நெருங்க முடியவில்லை. காரை விட்டு இறங்கிய ஒரு காலை அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அக்காவைக் கொன்றவனை மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வத்தலக்குண்டு ரோட்டில் என் தாய்மாமாவின் ஒர்க் ஷாப்பில் எஞ்சின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றவர்கள், "புருசனையே கை நீட்டி அடிச்சவ, வேற எப்படிச் சாவா" என்று பேசிக்கொண்டார்கள். அக்கா கை நீட்டிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அது அக்கா தன் நகைகளை விற்று வாங்கிய பழைய டீசல் கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, நிலக்கோட்டையில் மல்லிகை மூட்டைகளை ஏற்றித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவார். அதில்தான் வீடும் மகள் ஸ்டெல்லாவின் படிப்பும் ஓடின. அந்த எஞ்சினுக்குள் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. மேலே திறந்து மூடுகிற வால்வுகளும், கீழிருந்து ஏறுகிற பிஸ்டன்களும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுவது அந்தப் பெல்ட்டால்தான். அது அறுந்தால் இரும்பும் இரும்பும் அடித்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலுக்குப் போன நேரத்தில், அவர் புருஷன் காரை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு தாடிக்கொம்புப் பக்கம் விருந்துக்குப் போனான். வழியில் எஞ்சின் கிறீச்சென்று கத்தியிருக்கிறது. மாட்டுவண்டி அச்சு கத்தினால் செய்கிற வைத்தியம்தான் அவனுக்குத் தெரியும். கடையில் விளக்கெண்ணெய் வாங்கி, மூடியைக் கழற்றி, பெல்ட்டின் மேல் முழுக்க ஊற்றியிருக்கிறான். கொஞ்ச தூரத்தில் பெல்ட் வழுக்கி, பல் பிய்ந்து, அறுந்தது. வண்டி நின்றது. அதோடு விட்டிருந்தால்கூடச் சேதம் குறைந்திருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்து, கியரில் போட்டு, மேடேறும் வரை தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் உள்ளே அடி விழுந்திருக்கிறது.

மறுநாள் டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார்கள். மாமா எஞ்சின் தலையைக் கழற்றித் திருப்பியபோது வால்வுகள் எல்லாம் கோணிக்கொண்டிருந்தன. ஒரு வால்வின் தலை முறிந்து பிஸ்டனுக்குள் ஆணி அடித்ததுபோல இறங்கியிருந்தது. "செத்தவனை நிமித்தி வச்சு நடக்கச் சொல்லிருக்கானுக" என்றார் மாமா.

அக்கா எட்டிப் பார்த்தார். பெல்ட்டை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த புருஷனிடம், "ஏய்யா, இதுல என்னத்தய்யா ஊத்துன?" என்றார்.

"விளக்கெண்ணெய். சத்தம் வந்துச்சு, ஊத்துனேன். உன் வண்டி லச்சணம் அப்படி."

"விளக்கெண்ணெயா? எஞ்சினுக்கு என்ன மலச்சிக்கலா?"

ஷெட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தெருவில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவன் பீடியை எறிந்துவிட்டு உள்ளே வந்து, அக்கா கையிலிருந்த பெல்ட்டைப் பிடுங்கி விளாசினான். முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில். பெல்ட்டின் பற்கள் கன்னத்தில் வரிசையாகப் பதிந்தன. மாமா ஓடி வருவதற்குள் இன்னொன்று விழுந்தது. "பொண்டாட்டி புருசன் சண்ட, நமக்கெதுக்கு" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த அடியை அக்கா கையில் வாங்கினார். வாங்கிய பெல்ட்டை விடாமல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். அவன் மண்ணெண்ணெய்த் தட்டில் முகம் குப்புற விழுந்தான். அக்கா அவன் முதுகில் அதே பெல்ட்டால் அடித்தார். கத்தவில்லை, அழவில்லை. துணி துவைக்கிறவர்கள் அடிப்பதுபோல மூச்சு விட்டு விட்டு அடித்தார். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. கல்லறை வாசலில் பேசியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், அக்கா கை நீட்டியது இப்படித்தான்.

அவன் போன பிறகு அக்கா தரையில் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் நின்றேன். "ஏ புள்ள, டீயும் சொல்லு" என்றார். "அழுதுக்கிட்டு இருந்தா நாளைக்குப் பூ ஏத்த வண்டி வந்துருமா?"

அந்த வேலை முடியும்வரை அக்கா ஷெட்டை விட்டு நகரவில்லை. பகலில் எங்களோடு வேலை, ராத்திரியில் ஸ்டெல்லாவோடு எங்கள் வீட்டில் படுக்கை. புதுப் பிஸ்டன் வந்தது. புது வால்வுகளை அவற்றின் இருப்பிடத்தில் படியத் தேய்க்கவேண்டும். நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, அரைக்கும் பசை தடவி, மத்துக் கடைவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வீங்கிய கையோடு அக்காதான் எல்லாவற்றையும் தேய்த்தார். தேய்த்ததில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒழுகுகிறதா என்று நானும் அவரும் குனிந்து பார்ப்போம். ஒழுகினால், "இவன் இன்னும் திருந்தலை, இன்னும் நாலு போடு போடணும்" என்று மறுபடி உருட்டுவார். நான் பேசாமலே இருப்பதைப் பார்த்து, "ஏன்டி, உனக்கும் எவனாவது விளக்கெண்ணெய் ஊத்திட்டானா, சத்தமே வரமாட்டேங்குது" என்பார். நான் அம்புட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

எஞ்சினைப் பூட்டி, பெல்ட் ஓடும் சக்கரங்களில் வெட்டியிருக்கும் குறிகளை நேராகச் சேர்த்து, புதுப் பெல்ட்டை மாட்டிய பிறகு மாமா சாவி போடவிடவில்லை. அக்காவிடம் ஸ்பானரைக் கொடுத்துக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். எங்கேயாவது தட்டினால் கைக்குத் தெரியும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். "எங்கயும் இடிக்கல, மாமா" என்றபோதுதான் அக்கா அழுததைப் பார்த்தேன்.

பெரிய வேலை முடிந்த வண்டியை எலுமிச்சம்பழம் வைக்காமல் மாமா வெளியே விடமாட்டார். யார் வண்டியாக இருந்தாலும், எந்தச் சாமி கும்பிட்டாலும் அப்படித்தான். தாம்பாளத்தில் சாவியை வைத்து வீட்டு ஆம்பிளை கையில் கொடுப்பதும் வழக்கம். அது தெரிந்து அவன் வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நின்றான். ஒன்றுமே நடக்காததுபோல, "குடுங்க மச்சான், நல்ல நேரம் போகுது" என்று கையை நீட்டினான். மாமா தாம்பாளத்தோடு திணறினார்.

அக்கா தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்தார். ஸ்டெல்லாவை ஏற்றினார். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. "ஒதுங்கு" என்றார். அவன் சிரித்தான். "ஏத்துவியா? ஏத்துடி பாப்போம்" என்று பானெட்டில் அடித்தான். அக்கா ஏற்றினார். அவன் கழிவு எண்ணெய் போகிற சாக்கடைக்குள் பாய்ந்ததால் உயிர் பிழைத்தான். "எலுமிச்சம்பழத்த வச்சேன், நசுங்குனது அவன் செருப்பு" என்று மாமா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நிலக்கோட்டையில் பூ மார்க்கெட் பக்கம் அறை பிடித்தார். அவன் இரண்டு தடவை கண்ணாடியை உடைத்தான், ஒரு தடவை டயரைக் கிழித்தான். ஒவ்வொரு தடவையும் எங்களிடம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "என்னைத் தொட முடியலைன்னு இதைத் தொடுறான். தொட்டுட்டுப் போறான்" என்பார்.

அக்கா இறந்த பிறகு அந்தக் காரைத் தொட மாமாவுக்கு மனசு வரவில்லை. பெல்ட் இல்லாமலே நின்றது. போன வாரம், மாமா வெளியே போயிருந்த நேரத்தில், ஜெயிலில் இருக்கிறவனுடைய அண்ணன் இரண்டு ஆட்களோடு கயிறு கொண்டுவந்தான். அம்மாவின் காரைப் பார்க்க வந்த ஸ்டெல்லாவும் நானும்தான் இருந்தோம்.

"என் தம்பி வண்டி. இழுத்துட்டுப் போறோம், தள்ளு."

"வண்டி அக்கா பேர்ல இருக்கு. ஸ்டெல்லாவுக்குத்தான் குடுப்போம்" என்றேன்.

"அடேங்கப்பா, ஊமைச்சிக்கு வாய் மொளச்சிருச்சு" என்று கையை ஓங்கினான். நான் அந்தக் கையையே பார்த்தேன். அது இறங்கியது. காது அடைத்து, உதடு கிழிந்து, வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. "இன்னொண்ணு வேணும்னாலும் அடிங்க. வண்டி போகாது" என்றேன். ஸ்டெல்லா ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் கயிற்றைச் சுருட்டினான்.

அன்று சாயங்காலமே மாமா பெல்ட்டை மாட்டினார். பூ ஏற்ற டிரைவர் போட்டாயிற்று. ஸ்டெல்லாவுக்கு லைசென்ஸ் எடுக்கும் வயது வரும்வரை கார் எங்கள் ஷெட்டில்தான் நிற்கும்.

கார் ஸ்டெல்லாவுக்கு. ஓங்கிய கையின் முன்னால் கண்ணை மூடாமல் நிற்பதை மேரி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.