சிரிப்புக்கு ஒரு கறுப்பு மணி

அவளை எல்லோரும் தீக்குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான உடம்பு, லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும் குணம். பேர் வைத்தவள் அவளுடைய அக்கா. நாற்பத்தொரு வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை, குணமும் போகவில்லை.

வேலை, அவசர அழைப்பு மையத்தில். ஜன்னல் இல்லாத நீளமான கூடம், ஆளுக்கு மூன்று திரைகள், காதில் ஹெட்செட். போனை எடுத்ததும் முதல் கேள்வி "எங்க இருக்கீங்க?" என்பதுதான். என்ன ஆயிற்று என்பதெல்லாம் அப்புறம். கத்துகிறவர்களிடம் கத்தக் கூடாது, அழுகிறவர்களோடு அழக் கூடாது, குரல் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். பதினாறு வருடமாக அப்படி இருந்தாள். வீட்டுக்கு வந்து பூட்டில் சாவி சிக்கினால் கதவை உதைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வேறு ஆள். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்துகொள்ள வேண்டும். வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த உலகம். பள்ளத்தைத் தாண்டினாயா, விழுந்தாயா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்தியவர் அத்தான். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். பென்சில் சீவுவதில்கூட ஒழுங்கு பார்ப்பவர். அக்கா, பாதி மந்திரத்தை மறந்துவிடும் மந்திரவாதி. அத்தானின் பழைய சிநேகிதரான லிஃப்ட் மெக்கானிக், உயரத்தைக் கண்டால் நடுங்கும் அரக்கன். தீக்குச்சி ஒரு குள்ளத் திருடி. எந்தப் பூட்டைத் திறக்கும்முன்னும் அதனிடம் மன்னிப்புக் கேட்பாள். "தாயி, கோச்சுக்காத. வயித்துப் பொழப்பு." மெக்கானிக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். ஆறு வருடம் இப்படிப் போயிற்று.

பிறகு அத்தான் வெளியூரில் இந்த விளையாட்டுக்காரர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போனார். தன் கதையை அங்கே நடத்திக் காட்டினார். யாரோ ஒருவர், "குழந்தைங்களுக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவரைக் குடைந்துவிட்டது. திரும்பி வந்து மூன்று வாரம் உட்கார்ந்து புதுக் கதை எழுதினார். கொள்ளைநோய் பிடித்த நகரம், பிணவண்டிகள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள்.

"இனிமே இது பெரியவங்க ஆடுற ஆட்டம்" என்று ஆளுக்கு ஐந்து கறுப்பு மணிகளைக் கொடுத்தார். கதைக்கு நடுவே கேலி பேசினால், சிரித்தால், ஒரு மணி போகும். ஐந்தும் போனால் அந்தப் பாத்திரம் செத்துவிடும்.

தீக்குச்சி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு மணிகளை இழந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. சிரிக்காமல் இருக்க மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்பவர்கள் மாதிரி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம், கதையில் திருடி நோயில் விழுந்தாள். மரண தேவதை அவள் தலைமாட்டில் வந்து நின்றது. அத்தான் தாழ்ந்த குரலில் ஐந்து நிமிடம் அதை வர்ணித்தார். பழுப்பு நகம், குளிர்ந்த மூச்சு, எல்லாம். "உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். என்ன சொல்ற?"

தீக்குச்சி வேலையில் பேசும் அதே குரலில் சொன்னாள். "கொஞ்சம் லைன்ல இருங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க."

மெக்கானிக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அத்தான் கையை நீட்டிக் கடைசி மணியை எடுத்துக்கொண்டார்.

"திருடி செத்துட்டா. பெரியவங்க மாதிரி நடந்துக்கத் தெரியலன்னா இதான்."

தீக்குச்சி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பெரியவங்க மாதிரியா? செவ்வாக்கிழமை ஒரு பெரியவர் என் காதுக்குள்ள அழுதாரு அத்தான். அவரு பொண்டாட்டி நெஞ்ச அவரு அமுக்க அமுக்க நான் எண்ணிக் குடுத்தேன். இருபத்திரண்டு நிமிஷம். ஆம்புலன்ஸ் போனப்ப அந்தம்மா இல்ல. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அடுத்த போன எடுத்தேன். சாவு எப்படி இருக்கும்னு நீங்க எனக்குப் படம் போட்டுக் காட்டணுமா?"

"அதனாலதான் சொல்றேன். அப்படிப்பட்ட விஷயத்தப் போய்க் கேலி பண்ணலாமா?"

"கேலி எங்க பண்ணேன்? பயந்துபோய் நிக்கிறேன், அப்ப வாயில அப்படித்தான் வருது. பயத்துல வர்ற சிரிப்புக்கும் திமிருல வர்ற சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாத நீங்க என்னத்தக் கதை நடத்துறீங்க? எவனோ ஒருத்தன் மூஞ்சி சுளிச்சதுக்கு வாரத்துல எங்களுக்குன்னு இருந்த நாலு மணி நேரத்தையும் பிடுங்கிட்டீங்க."

"உக்காருடி" என்றாள் அக்கா. அவள் உட்காரவில்லை.

இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அத்தானோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள். சண்டையில் எப்போதும் அவள்தான் ஜெயித்தாள், ஆனாலும் ஆறவில்லை. கடைசியில் வீம்புக்காகவே, வேலையிடத்து ஓய்வறையில், தன்னோடு வேலை செய்யும் மூன்று பெண்களைக் கூட்டித் தானே ஒரு கதை நடத்தினாள். எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம் என்றாள்.

படுதோல்வி. அவளுடைய பூதத்துக்குத் தும்மல் வியாதி, ராஜாவுக்கு வேட்டி நிற்காது, எதிரிப்படை வழி தெரியாமல் சுற்றியது. அரைமணி நேரம் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போங்களேன். யாரு கட்டிப்போட்டா?" என்று எரிந்து விழுந்தாள்.

அதில் மூத்தவளை ஷிப்ட் அக்கா என்பார்கள். யாருக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுகிறவள். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கத்தாத. உன் கதையில யாருக்கும் எதுவும் ஆகாது போலிருக்கே. அப்புறம் எதுக்கு மூச்சப் பிடிச்சுட்டு இருக்கணும்? மூச்சப் பிடிச்சாத்தான விட முடியும்" என்றாள்.

தீக்குச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதில் பாதி அத்தான் சொல்ல வந்தது. அந்த மனிதர் சொன்னதில் பாதி சரி என்று ஒத்துக்கொள்வது அவளுக்கு விளக்கெண்ணெய் குடிப்பது போல இருந்தது. குடித்தாள்.

அடுத்த முறை ஆற்றில் வெள்ளம் வைத்தாள். ஆடும் பாலம், நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்பது பேர், அறுந்துகொண்டிருக்கும் கயிறு. ஓய்வறையில் யாரும் நாற்காலியை நகர்த்தக்கூட இல்லை. அந்த மூவரில் ஒருத்தி, பத்து நாளுக்கு முன்னால் ஒரு குழந்தை சம்பந்தப்பட்ட போனை எடுத்ததிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசாதவள். கதையில் அவள் படைக்குச் சமைப்பவள். மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றக் கயிற்றைப் பிடித்து இறங்குவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினாள். குறைந்த எண் விழுந்தது. கயிறு அறுந்தது. அவள் வெள்ளத்தைப் பார்த்து, "இருடா, அடுப்புல சட்டி இருக்கு. எறக்கி வச்சுட்டு வந்து உன்ன வச்சுக்கறேன்" என்றாள்.

 நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சமையல்காரியாக இருந்தவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "எறங்கினேன்னு எழுதிக்க, கயிறில்லாமயே எறங்கினேன்" என்றாள். ஒன்பதில் ஏழு பேரைக் கரையேற்றினாள். போய்விட்ட இருவருக்காக யாரும் சொல்லாமலே பேச்சு நின்றது. தீக்குச்சி எந்தக் கறுப்பு மணியையும் காட்டி அந்த மௌனத்தை வாங்கவில்லை.

அத்தானின் மேசை அதற்குள் காலியாகிவிட்டிருந்தது. மெக்கானிக் முதுகுவலி என்றார். அக்கா தோட்ட வேலை என்றாள். ஒரு மாலை அத்தானே தீக்குச்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"திருடிய உயிரோட கொண்டு வந்துடறேன். ஏதாவது மந்திரம்னு எழுதிக்கலாம். வா."

"வேணாம். செத்தவ செத்தவதான். நீங்கதான கொன்னீங்க."

"நான் செஞ்சது தப்புதான்."

"ஆமா, தப்புதான்" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "ஆடணும்னா எங்க மேசைக்கு வாங்க. இப்ப ஷிப்ட் அக்கா வீட்டுலதான் ஆடறோம். நான்தான் நடத்துவேன். நீங்க சாதாரணச் சிப்பாய். வாளுகூட கிடையாது."

வந்தார். மெக்கானிக்கையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சிப்பாயாக அவர் மார்பை நிமிர்த்திப் படைக்கு முன்னால் வீர உரை ஆற்றத் தொடங்கினார். பாதியில் பகடை காலை வாரிவிட, பாழுங்கிணற்றில் விழுந்தார். கிணற்றுக்குள்ளிருந்து அதே கம்பீரமான குரலில், "யாராவது கயிறு போடுங்க. கேள்வி எதுவும் வேணாம்" என்றார். மெக்கானிக் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அத்தானின் முகம் முதலில் சிவந்தது. பிறகு உதடு சிரிப்பில் கோணியது.

தீக்குச்சியும் சிரித்தாள். ஆனால் கோபம் முழுக்கப் போகவில்லை. வாரா வாரம் வீட்டுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அத்தான் பகடையை மெதுவாக உருட்டுகிறார், மற்றவர்களைப் பேச விடுவதில்லை என்று ஏதாவது குறை சொல்வாள். அவர் பதிலுக்கு அவளுடைய வரைபடத்தில் ஆறு மேட்டை நோக்கி ஓடுகிறது என்பார். பஸ் வரும்வரை அது நடக்கும்.